போனை வைத்துவிட்டார்கள் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்?

மதுரையில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனை. அதன் தரைவழித் தொலைபேசி எண் முப்பது ஆண்டுகளாக மாறவில்லை. சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளின் சுவர்க் காலண்டரில் அந்த ஏழு இலக்கங்களைப் பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள். டாக்டர் அம்மா என்னை அழைத்துச் சொன்னது இதுதான்: எண் மாறக் கூடாது. வரவேற்பு மேசையில் மணி அடிக்கும் அதே அழைப்பைப் பிரசவ அறையிலும், மருந்தகத்திலும், மாடியில் தன் வீட்டிலும் எடுக்க வேண்டும். புதிதாகத் தொலைபேசிக் கம்பி இழுத்துச் சுவரைப் பெயர்க்கவும் கூடாது. கட்டடம் முழுவதும் கணினி வலையமைப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

அதாவது, கணினி வலையில் பொட்டலம் பொட்டலமாகப் போகும் இணையப் பேச்சையும் இரண்டு செம்புக் கம்பியில் வரும் பழைய தொலைபேசியையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். இந்த வேலையை எப்படிச் செய்வது என்று, நான் செய்த முறையிலேயே எழுதுகிறேன். சேர்ப்பது அரை நாள் வேலை. பேசி முடித்த பிறகு லைன் ஒழுங்காக விடுபட வேண்டுமே, அதற்குத்தான் மீதி நேரமெல்லாம் போகும். ஆகவே அதைப் பற்றி அதிகமாகவே எழுதப்போகிறேன்.

நான் 1994இல் ஒரு மில்லில் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். எட்டு வெளி லைன், அறுபத்து நான்கு எக்ஸ்டென்ஷன். நாள் முழுவதும் காதில் ஹெட்செட். டயல் டோன், ரிங் டோன், பிஸி டோன், லைன் நெரிசல் டோன் என்று ஒவ்வொன்றையும் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன். பிறகு அந்த எக்ஸ்சேஞ்சையே பராமரிக்கக் கற்றுக்கொண்டு, இன்று அதையே தொழிலாகச் செய்கிறேன். மல்டிமீட்டரும் மடிக்கணினியும் பையில் இருந்தாலும் என் முதல் கருவி காதுதான்.

எது எந்தப் பக்கம்

இதில் மூன்று பொருள்கள் போதும். அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் சர்வர் ஒன்று. நான் ராஸ்பெரி பை ஒன்றில் ஆஸ்டரிஸ்க் நிறுவினேன். மார்க் ஸ்பென்சர் 1999இல் எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. நான்கைந்து போன்களுக்கு இந்தச் சிறிய கணினியே தாராளம். இரண்டாவது, மேசைகளில் வைத்துக் கணினி வலையில் செருகும் ஐ.பி. போன்கள். மூன்றாவதுதான் இரண்டு உலகத்தையும் சேர்க்கும் பெட்டி, கேட்வே.

கேட்வே வாங்கும்போதுதான் பலரும் தவறு செய்கிறார்கள். தொலைபேசி ஒயர் செருகும் துளை பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தாலும் அதில் இரண்டு வகை உண்டு. எஃப்.எக்ஸ்.எஸ். என்பது சுவரில் இருக்கும் தொலைபேசி சாக்கெட்டைப் போன்றது: மின்சாரம் கொடுக்கும், மணி அடிக்க வைக்கும். சாதாரண போனை அதில் செருகலாம். எஃப்.எக்ஸ்.ஓ. என்பது போனைப் போன்றது: மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும், மணியைக் கேட்கும், ரிசீவரைத் தூக்குவதுபோல லைனை எடுக்கும். வெளியிலிருந்து வரும் லைனை எஃப்.எக்ஸ்.ஓ. துளையில்தான் செருக வேண்டும். மாற்றிச் செருகினால் இரு பக்கமும் மின்னழுத்தம் கொடுத்து மோதிக்கொள்ளும். துளை எரிந்துபோகவும் கூடும். ஒரு எஃப்.எக்ஸ்.ஓ., ஒரு எஃப்.எக்ஸ்.எஸ். இரண்டும் சேர்ந்த சிறிய பெட்டி கிடைக்கிறது. ஒற்றை லைன் வைத்திருப்பவர்களுக்கு அதுவே ஏற்றது.

லைனைச் செருகும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். ரிசீவர் வைத்திருக்கும் நிலையில் நேர்மின்னழுத்தம் 48 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ரிசீவரை எடுத்தால் பத்து வோல்ட் அளவுக்கு இறங்கும். மணி அடிக்கும்போது மாறுமின்னோட்டம் 75 வோல்ட்டை நெருங்கும். அந்த நேரத்தில் கம்பி முனையை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், நன்றாக உதறும். வைத்த நிலையிலேயே 48க்கு மிகவும் குறைவாகக் காட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது. மருத்துவமனையில் எனக்கு 39 காட்டியது. தெருக்கம்பத்திலிருந்து வரும் ஒயர் ஜன்னல் சட்டத்தில் உரசி, அந்த இடத்தில் உறை கிழிந்து பச்சை பூத்திருந்தது. அதை மாற்றாமல் மேலே போயிருந்தால், பிறகு கேட்ட இரைச்சலுக்கெல்லாம் கேட்வேயையே குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

இப்போது பல இடங்களில் செம்புக் கம்பியே இல்லை. கண்ணாடி இழை (ஃபைபர்) வீட்டுக்குள் வந்து, அந்தப் பெட்டியின் பின்னால் உள்ள தொலைபேசித் துளையில் பழைய எண்ணைக் கொடுக்கிறார்கள். அந்தத் துளையும் ஒரு எஃப்.எக்ஸ்.எஸ்.தான். அதிலிருந்து உங்கள் கேட்வேயின் எஃப்.எக்ஸ்.ஓ.வுக்கு ஒயர் கொடுத்தால் வேலை செய்யும். ஆனால் டோன்களும் எண் காட்டும் முறையும் செம்புக் கம்பியில் இருந்ததுபோலவே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

வெளியே போகும் அழைப்பு

கேட்வேக்கும் சர்வருக்கும் மாறாத ஐ.பி. முகவரி கொடுங்கள். இரண்டும் சிப் (SIP) என்ற, அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் செய்தி அனுப்பும் நெறிமுறையில் பேசிக்கொள்ளும். குரலை எண்மமாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். அதில் ஜி.711 ஏ-லா வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தொலைபேசி வலையமைப்பு குரலை எண்மமாக்குவதும் இதே முறையில்தான். ஓர் அழைப்புக்கு ஒரு திசையில், பொட்டலங்களின் தலைப்புகளையும் சேர்த்து, வினாடிக்கு ஏறத்தாழ 80 கிலோபிட் வேண்டும். கட்டடத்துக்குள் இது ஒரு பொருட்டே இல்லை. சேமிக்கிறேன் என்று ஜி.729 போன்ற அழுத்தும் கோடெக்கைப் போட்டால், அழைப்பவர் ‘மருந்தகத்துக்கு இரண்டை அழுத்தவும்’ என்பதைக் கேட்டு அழுத்தும் பொத்தானின் ஒலி சிதைந்துபோகலாம். எந்தக் கோடெக்காக இருந்தாலும் பொத்தான் ஒலியைக் கேட்வேயே கண்டுபிடித்துத் தனிச் செய்தியாகச் சர்வருக்கு அனுப்பும்படி வையுங்கள். ஆர்.எஃப்.சி. 2833 என்ற பெயரில் அந்தத் தேர்வு இருக்கும்.

எண்களைச் சுழற்றும் விதியில் ஒன்றை மறக்கக் கூடாது. 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து செல்போனை அழைக்க முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். ஐ.பி. போனின் பதிவேட்டில் பத்து இலக்கமாகத்தான் எண் இருக்கும். ஆகவே 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்க எண் வந்தால் சர்வரே முன்னால் பூஜ்யத்தைச் சேர்க்கட்டும். உள்ளூர் ஏழு இலக்கம் அப்படியே போகட்டும். 112, 108 இரண்டும் எந்த முன்னொட்டும் இல்லாமல், எந்த மேசையிலிருந்தும் நேராகப் போக வேண்டும். பிரசவ அறையில் நிற்பவர் வெளி லைனுக்கு ஒன்பதை அழுத்த வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

லைனை எடுத்தவுடனே கேட்வே எண்ணை அடிக்கத் தொடங்கினால் முதல் இலக்கத்தை எக்ஸ்சேஞ்ச் தவறவிடும். டயல் டோன் கேட்ட பிறகு அடிக்கும்படி அமையுங்கள். இல்லையென்றால் அரை வினாடி இடைவெளியாவது கொடுங்கள். மேலும், மறுமுனையில் எடுத்துவிட்டார்களா என்பது சாதாரண லைனில் கேட்வேக்குத் தெரியாது. அதனால் போனில் ஓடும் நிமிடக் கணக்கு எண் அடித்து முடித்ததிலிருந்தே தொடங்கிவிடும். அந்தக் கணக்கை நம்பி யாரிடமும் பணம் வசூலிக்காதீர்கள்.

உள்ளே வரும் அழைப்பு

யார் அழைக்கிறார்கள் என்று எண்ணைக் காட்டுவதற்கு நாட்டுக்கு நாடு முறை வேறு. நம் ஊர்ச் செம்பு லைன்களில் முதல் மணிக்கு முன்பாகவே எண்ணைப் பொத்தான் ஒலிகளாக அனுப்பிவிடுவது வழக்கம். கேட்வே பெரும்பாலும் அமெரிக்க முறையில், முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே எண்ணை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். விளைவு, எல்லா அழைப்பும் எண் இல்லாமல் வரும். அழைப்பாளர் எண் என்ற பகுதியில் ‘மணிக்கு முன் டி.டி.எம்.எஃப்.’ (அதாவது பொத்தான் ஒலி) என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி இழை லைனில் அது சரிவராவிட்டால் மற்ற வகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அதற்கு முன், எண் காட்டும் சாதாரண போன் ஒன்றை நேரடியாக லைனில் மாட்டி, லைனில் எண் வருகிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வராத ஒன்றைத் தேடி இரண்டு நாள் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

எதிரொலி பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டே கம்பியில் போகும் குரலும் வரும் குரலும் ஒன்றாக ஓடுகின்றன. கேட்வே அவற்றைப் பிரித்தெடுக்கும்போது, கம்பியின் மின்மறுப்பும் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) பெட்டியின் மின்மறுப்பும் ஒத்துப்போகாவிட்டால் போன குரலில் ஒரு பங்கு திரும்பிவிடும். பழைய போனிலும் அது திரும்பியது. உடனே திரும்பியதால் காது அதைத் தனியாகக் கேட்கவில்லை. இணையப் பேச்சில் பொட்டலம் கட்டுவது, காத்திருப்பது என்று தாமதம் சேர்வதால் அதே குரல் கிணற்றில் கூப்பிட்டதுபோலத் திரும்பி வருகிறது. மின்மறுப்பை முதலில் 600 ஓம் வைத்துக் கேளுங்கள். பிறகு மற்றவற்றையும் மாற்றிக் கேட்டு, எதில் எதிரொலி குறைவோ அதை வையுங்கள். எதிரொலி நீக்கியை நிறுத்தாதீர்கள். குரல் சிறியதாக இருக்கிறது என்று ஒலியளவை ஏற்றினால் எதிரொலியும் சேர்ந்து ஏறும்.

வைப்பது

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

பெரிய அலுவலகங்களுக்கு வரும் முப்பது சேனல் டிஜிட்டல் இணைப்பில், மறுமுனை போனை வைத்தால் எக்ஸ்சேஞ்ச் அதைச் செய்தியாகவே அனுப்பிவிடும்: அழைப்பு முடிந்தது, காரணம் எண் 16, இயல்பான துண்டிப்பு. சிப் நெறிமுறையிலும் அப்படித்தான், முடிவைச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. இரண்டு கம்பி லைனில் அப்படிச் சொல்ல வாயே இல்லை. மறுமுனை வைத்துவிட்டால் எக்ஸ்சேஞ்ச் ஒரு டோனை ஒலிக்கவிடும். மனிதர் அதைக் கேட்டு ரிசீவரை வைத்துவிடுவார். பெட்டிக்கு அந்தக் காதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

மருத்துவமனையில் வேலையை முடித்து, பகல் முழுவதும் இருபது முறையாவது சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு இரவுப் பணி நர்ஸ் என் செல்போனில் அழைத்தார். “அக்கா, ராத்திரி முழுக்க ஒரு போன்கூட வரவில்லை. இப்போது வந்திருப்பவர் பதினொன்றரை மணியிலிருந்து அடித்தாராம், பிஸி பிஸி என்றே வந்ததாம். கடைசியில் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.” அந்தப் பெண்ணுக்கு அன்று காலை நல்லபடியாகப் பிரசவம் ஆனது. இருந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் என் கை நடுங்கியது.

சர்வரின் பதிவைப் பார்த்தேன். 11.18க்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. நர்ஸ் பிரசவ அறையில் இருந்ததால், ‘சற்றுக் காத்திருக்கவும்’ என்ற பதிவுக் குரல் எடுத்திருக்கிறது. அழைத்தவர் சிறிது நேரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எக்ஸ்சேஞ்ச் பிஸி டோன் கொடுத்து ஓய்ந்துபோனது. என் பெட்டியோ யாரும் இல்லாத லைனுக்குக் காத்திருக்கச் சொல்லிக்கொண்டே விடியும்வரை லைனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பகலில் ஏன் தெரியவில்லை? பகலில் ஒவ்வொரு சோதனையிலும் எங்கள் பக்கம் ஒரு மனிதர் இருந்தார். ஐ.பி. போனை அவர் வைத்ததும் கேட்வே லைனை விட்டது. எங்கள் பக்கம் எடுத்தது வெறும் பதிவுக் குரலாகவோ, குரலஞ்சலாகவோ, காத்திருப்பு வரிசையாகவோ இருந்தால்தான் இந்தக் கோளாறு வெளியே வரும். நான் அதை மட்டும் சோதிக்கவில்லை.

காரணம் எளியது. கேட்வே தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அமெரிக்க பிஸி டோனை எதிர்பார்க்கிறது: 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து, அரை வினாடி ஒலி, அரை வினாடி அமைதி. நம் நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலி. முக்கால் வினாடி ஒலி, முக்கால் வினாடி அமைதி. லைன் நெரிசல் டோன் அதே 400, ஆனால் கால் வினாடிக்குக் கால் வினாடி. ஆபரேட்டராக இருந்த எனக்கு இந்தத் தாளம் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. பெட்டிக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

இந்த எண்களை மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். உங்கள் லைனில் உண்மையில் என்ன ஒலிக்கிறது என்று அளந்து பாருங்கள். கேட்வேயைக் கழற்றி, லைனில் சாதாரண போனை மாட்டுங்கள். செல்போனிலிருந்து அழைத்து, போனை எடுத்து, பிறகு செல்போனைத் துண்டியுங்கள். ரிசீவரின் காதுப் பக்கத்தை இன்னொரு செல்போனின் மைக்கோடு ஒட்டிப் பிடித்து, ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் திறந்தால் ஒலி திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு திட்டின் நீளம், இடைவெளியின் நீளம், அதிர்வெண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். துண்டித்ததிலிருந்து எத்தனை வினாடி கழித்து டோன் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஒலித்துவிட்டு ஓய்கிறது என்பதையும் எழுதுங்கள். டோன் ஓய்ந்துவிட்டால் அதன்பின் பெட்டிக்குக் கேட்க ஒன்றுமில்லை. அந்தச் சிறிய நேரத்துக்குள் அது கண்டுபிடித்தாக வேண்டும்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு, அவை கிடைத்தால் டோனைவிட நம்பகமானவை. சில லைன்களில் மறுமுனை வைத்ததும் கம்பியின் நேர், எதிர் முனைகள் இடம் மாறும். சிலவற்றில் ஒரு கணம் மின்சாரம் நின்று வரும். அதே சோதனையில் மல்டிமீட்டரையும் லைனோடு இணைத்து வைத்திருங்கள். குறி மாறினால் முதல் வகை. நொடி நேரம் பூஜ்யத்தை நோக்கி விழுந்தால் இரண்டாம் வகை, ஆனால் மீட்டர் மெதுவானதாக இருந்தால் அது கண்ணில் படாமல் போகலாம். எது இருக்கிறதோ அதற்குரிய தேர்வைக் கேட்வேயில் இயக்குங்கள். இல்லாத ஒன்றை இயக்கி வைத்தால் நடுப்பேச்சில் லைன் அறுபடும்.

டோனைக் கண்டுபிடிக்கும் அளவைத் தளர்வாக வைத்தாலும் ஆபத்துதான். முதலில் நான் பயந்துபோய் மிகவும் தளர்வாக வைத்தேன். ஒரு வாரத்தில் புகார் வந்தது: வீட்டுக்குப் போன தாய்மார் சந்தேகம் கேட்க அழைக்கும்போது பாதியில் துண்டிக்கப்படுகிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதிவுகளைக் கேட்டபோதுதான் புரிந்தது. துண்டிக்கப்பட்ட அழைப்புகளில் எல்லாம் பின்னால் குழந்தை அழுதது. பிறந்த குழந்தையின் அழுகை 400 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் தொடங்குகிறது, மூச்சு வாங்கி வாங்கி அழுவதால் தாளமும் விழுகிறது. திட்டின் நீளத்தை நான் அளந்த எண்ணுக்கு நெருக்கமாக இறுக்கினேன். எத்தனை முறை திரும்பி வந்தால் துண்டிப்பது என்று கேட்கும் இடத்தில் ஆறு வைத்தேன். அதன்பிறகு அந்தப் புகார் இல்லை.

இவ்வளவுக்கும் மேல் சர்வரிலும் ஒரு காவல் போடுங்கள். பதிவுக் குரலிலும் காத்திருப்பிலும் மூன்று நிமிடத்துக்கு மேல் எந்த அழைப்பும் இருக்கக் கூடாது. குரலஞ்சல் இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும். எந்தப் பேச்சும் ஒரு மணி நேரத்தில் துண்டிக்கப்பட வேண்டும். டோன் தவறினாலும், யாரும் எடுக்காத அழைப்பில் லைன் மூன்று நிமிடத்தில் திரும்பக் கிடைக்கும்.

மின்சாரம், பூட்டு

செம்பு லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து வருகிறது. ஊரே இருண்டாலும் பழைய போன் பேசும். கேட்வே பேசாது. மின்சாரம் போனதும் எஃப்.எக்ஸ்.எஸ். துளையை நேரடியாக வெளி லைனோடு சேர்த்துவிடும் வசதி உங்கள் பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் ஒரு சாதாரண போனை மாட்டி வரவேற்பு மேசையில் வையுங்கள். கண்ணாடி இழை லைன் என்றால் இந்த ஏற்பாட்டால் பயனில்லை, வீட்டுக்குள் இருக்கும் இழைப் பெட்டியே அணைந்துவிடும். அதையும் கேட்வே, வலையமைப்பு சுவிட்ச், சர்வர் எல்லாவற்றையும் ஒரே யு.பி.எஸ்.இல் போடுங்கள்.

சிப் அழைப்புகள் நுழையும் வாசலான சர்வரின் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். திறந்த சில மணி நேரத்திலேயே யாரோ கடவுச்சொல்லைத் தட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள். உள்ளே வந்துவிட்டால் உங்கள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசுவார்கள், பில் உங்களுக்கு வரும். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் தொலைபேசி நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து அடைத்துவிடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் பேச்சை உரிமம் இல்லாமல் உள்ளூர் லைனில் இறக்கிவிடுவது குற்றம். மலிவாக அழைப்பு தருகிறோம், உங்கள் லைனைக் கொடுங்கள் என்று யாராவது வந்தால் பேச்சையே வளர்க்காதீர்கள். வெளியிலிருந்து வந்த எந்த அழைப்பும் மறுபடி வெளி லைனுக்குப் போக முடியாதபடி சர்வரின் விதியிலேயே தடுத்துவிடுங்கள்.

கடைசிச் சோதனை

வேலையை ஒப்படைக்கும் முன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இந்த நான்கையும் செய்யுங்கள். செல்போனிலிருந்து அழைத்து, மணி அடிக்கும்போதே துண்டியுங்கள். மறுபடி அழைத்து, ஐ.பி. போனில் ஒருவர் எடுத்த பின் செல்போனைத் துண்டியுங்கள். உள்ளே இருப்பவர் போனை வைக்காமல் காதிலேயே வைத்திருக்கட்டும். மூன்றாவது முறை யாரும் எடுக்காமல் பதிவுக் குரலுக்குப் போகவிட்டுத் துண்டியுங்கள். நான்காவது முறை குரலஞ்சலில் பேசிவிட்டுத் துண்டியுங்கள். ஒவ்வொரு முறையும் துண்டித்த பிறகு வேறு செல்போனிலிருந்து அதே எண்ணை அழைத்துக்கொண்டே இருங்கள். பிஸி நின்று மணி அடிக்க எத்தனை வினாடி ஆகிறதோ அதுதான் உங்கள் கணக்கு. அந்த மருத்துவமனையில் இப்போது பதினோரு வினாடி.

கண்ணாடி இழைக்கு மாற்றும்போதும், எக்ஸ்சேஞ்சில் ஏதாவது மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டாலும் இந்த நான்கையும் மறுபடி செய்ய வேண்டும். நான் டோன் அளவுகளையும் தேதியையும் ஒரு சிறிய தாளில் எழுதி, கேட்வேயின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். இரவுப் பணி நர்ஸும் வாரம் ஒருமுறை, பதினோரு மணி வாக்கில், தன் செல்போனிலிருந்து அழைத்துப் பதிவுக் குரலைக் கேட்டுவிட்டு வைக்கிறார். பிறகு மறுபடி அழைத்து மணி அடிக்கிறதா என்று பார்த்து, பணிப் பதிவேட்டில் ஒரு டிக் போடுகிறார்.